மேயர் பதவி வெறும் அலங்காரமா? வார்டு தேர்தலில் நிற்க நினைக்கும் ஒருவருக்குச் சென்னையை வைத்து ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களுக்கு 26 வயது, வடசென்னையில் வீடு. அடுத்த மாநகராட்சித் தேர்தலில் நிற்க ஆசை. "கவுன்சிலராகி, அதிர்ஷ்டம் இருந்து மேயரே ஆனாலும் உன்னால் ஒன்றும் செய்ய முடியாது, அங்கியும் சங்கிலியும் போட்டுக்கொண்டு படத்துக்கு நிற்கலாம்" என்று வீட்டில் சொல்கிறார்கள். அது உண்மையா, இந்தப் பதவி அரசியலில் ஒருவரை எங்கே கொண்டுபோகும், மேயராக வருகிறவர் எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வாழ்க்கையில் ஐந்து ஆண்டுகளை இதில் போட்டால் என் தெருவில் ஏதாவது மாறுமா என்ற கவலைதான் இதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் உள்ளாட்சிக் கணக்குத் தணிக்கையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பேரூராட்சியில் தொடங்கி மாநகராட்சிவரை ரசீதுப் புத்தகம், கட்டிய வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம், மன்றத் தீர்மானப் பதிவேடு ஆகியவற்றுக்கு நடுவில்தான் என் காலம் போயிற்று. சட்டம், பணம், பதிவேடு பற்றி நான் சொல்வதை நீங்கள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். எந்த மேயர் எந்த நோக்கத்தில் எதைச் செய்தார் என்று நான் பேசும் இடங்களில் அது என் கணிப்பு மட்டுமே. கட்சி அலுவலகங்களுக்குள் நடப்பதை நான் பார்த்தவன் அல்லன்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை மாநகராட்சி 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் நூறாண்டுக்கு மேல் நடந்துவந்தது. 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் மாறினாலும் எலும்புக்கூடு மாறவில்லை. நிர்வாக அதிகாரம் ஆணையரிடம் இருக்கிறது. அவர் மாநில அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. கவுன்சிலர்கள் கூடும் மாமன்றம் தீர்மானிக்கும், அதன் நிலைக்குழுக்கள் ஆராயும், ஆணையர் செயல்படுத்துவார். மேயர் மாமன்றத்துக்குத் தலைமை தாங்குகிறார். ஒரு உதவிப் பொறியாளரை இடைநீக்கம் செய்ய மேயரால் முடியாது, தன் கையெழுத்தில் ஒரு காசோலை கொடுக்கவும் முடியாது. உங்கள் வீட்டில் சொல்வது இந்த அளவுக்குச் சரிதான். மக்கள் பிரதிநிதியை மேடையில் உட்காரவைத்துவிட்டு, சாவியை அரசு அதிகாரியிடம் கொடுத்துவைத்த வெள்ளையர் காலத்து ஏற்பாடு இது. சுதந்திரம் வந்த பிறகும் எந்த ஆட்சியும் இதை மனமாரத் திருத்தவில்லை. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 18 பணிகளைப் பட்டியலிட்டு, இவற்றை நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்றது. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. வித்தியாசம் ஒரு சொல்லில் இருக்கிறது, அதன் விளைவை நாம் தெருவில் பார்க்கிறோம்.

உங்கள் தெரு முனையில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தலைக்கு மேலே போகும் மின்கம்பி மின்வாரியத்துடையது, அதே கம்பத்தில் எரியும் தெருவிளக்கு மாநகராட்சியுடையது. காலடியில் இருக்கும் வட்ட மூடிக்குக் கீழே கழிவுநீர் ஓடினால் அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. நான்கு அடி தள்ளி நடைபாதையை ஒட்டி இருக்கும் மூடிக்குக் கீழே மழைநீர் ஓட வேண்டும், அது மாநகராட்சியின் பொறுப்பு. பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நிழற்குடை மாநகராட்சியுடையது. சிறிய சாலை மாநகராட்சிக்கு, பெரிய சாலைகளில் சில நெடுஞ்சாலைத் துறைக்கு. எந்த இடத்தில் எவ்வளவு மாடி கட்டலாம் என்று திட்டம் போடுவது பெருநகர் வளர்ச்சிக் குழுமம். இதில் எது கெட்டாலும் மக்கள் கவுன்சிலர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். தண்ணீரும் கழிவுநீரும் ஒருகாலத்தில் மாநகராட்சியிடம்தான் இருந்தன. 1978ல் வாரியம் தனியாகப் பிரிந்தது. அந்தப் பிரிவினை மேயர் பதவியின் எடையை எவ்வளவு குறைத்தது என்பது பழைய கதைகளைப் பார்த்தால்தான் விளங்கும்.

அவற்றில் இரண்டு கதைகளை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது பிட்டி தியாகராயருடையது. அவர் காலத்தில் மேயர் என்ற பெயர் கிடையாது, மாநகராட்சித் தலைவர் என்பார்கள். 1920 செப்டம்பர் 16 அன்று, ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க மாமன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. பசியோடு வருகிற பிள்ளை பள்ளியில் தங்குவதில்லை என்ற எளிய உண்மையை ஒரு நகர மன்றம் கண்டுகொண்ட நாள் அது. திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. ஆனால் தொடக்கக் கல்விக்கான நிதியில் இந்தச் செலவை ஏற்க முடியாது என்று மேலே இருந்த ஆங்கிலேய அரசு மறுத்துவிட, 1925ல் நின்றுபோயிற்று. நல்ல காரியம் நகரத்தில் பிறந்தது, தடை மேலிருந்து வந்தது. இன்று தமிழ்நாட்டில் மதிய உணவு, காலை உணவு என்று நாம் பெருமையாகப் பேசும் எல்லாவற்றுக்கும் ஒரு வேர் அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது. 1920 இறுதியில் மாகாணத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றபோது, மாகாணத்தின் முதலமைச்சர் பதவி தியாகராயரைத் தேடி வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாநகராட்சியைப் படிக்கட்டாகப் பார்க்காத ஒருவர் இருந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து கிடையாது.

இரண்டாவது கதை தீரர் சத்தியமூர்த்தியுடையது. மேயர் என்ற பெயர் 1933ல் வந்தது, முதல் மேயர் ராஜா சர் முத்தையா செட்டியார். பதவிக்காலம் அப்போது ஒரே ஓர் ஆண்டு. சத்தியமூர்த்தி 1939ல் மேயரானபோது நகரம் தண்ணீருக்குத் தவித்தது. உலகப் போர் தொடங்கியிருந்தது, அரசாங்கத்தின் பணமும் கவனமும் அங்கே போயின. காங்கிரஸ்காரரான அவர், தான் எதிர்த்துவந்த அதே ஆங்கிலேய ஆட்சியோடு வாதாடிக் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டச் சம்மதம் வாங்கினார். வேலை 1940ல் தொடங்கி 1944ல் முடிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. 1942 போராட்டத்தில் சிறை சென்று உடல் நொந்து, 1943 மார்ச்சில் காலமானார். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர்தான், சத்தியமூர்த்தி சாகர். 3,231 மில்லியன் கன அடி கொள்ளளவு என்று கோடைகாலத்தில் செய்தித்தாள்கள் பூண்டியைப் பற்றி எழுதும்போதெல்லாம் நான் அந்த ஓராண்டு மேயரை நினைத்துக்கொள்கிறேன். இன்று ஒரு மேயர் அதே தவிப்போடு வந்தால்? குடிநீர் வாரியத்துக்குக் கடிதம் எழுதலாம். பூண்டியைப் போன்ற ஒன்றைத் தொடங்கிவைக்கும் இடத்தில் இன்றைய மேயர் இல்லை. பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரும் இடத்திலோ இன்றும் இருக்கிறார், ஏனென்றால் பள்ளிகள் இன்னும் மாநகராட்சியிடம் இருக்கின்றன. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முன்னுரிமை பற்றிச் சொல்லும்போது மறுபடி இதற்கு வருவேன்.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1959ல் சென்னை மாநகராட்சியை தி.மு.க. கைப்பற்றியது, அ.பொ. அரசு மேயரானார். மாநில ஆட்சியைப் பிடிப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கட்சி மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் ஆளப் பழகிக்கொண்டது. 1957ல் தாரா செரியன், நகரத்தின் முதல் பெண் மேயர். பட்டியலினத்தவரான ஜெ. சிவசண்முகம் பிள்ளை 1937லேயே மேயராக இருந்தவர், பின்னர் சட்டமன்றத் தலைவர் ஆனவர். என். சிவராஜ் 1945ல் அந்த நாற்காலியில் இருந்தார். இதெல்லாம் 1973ல் சட்டென்று நின்றது. வேலைக்கு வராத கூலியாட்களின் பெயரில் சம்பளம் எழுதிய மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது, மாமன்றம் கலைக்கப்பட்டது. ஊழல் நடந்தது உண்மை. ஆனால் அதற்குத் தண்டனையாக நகரத்துக்கே 23 ஆண்டுகள் தேர்தல் கிடையாது என்று ஆனதற்கு எந்த நியாயமும் இல்லை. 1973 முதல் 1996 வரை கவுன்சிலரும் இல்லை, மேயரும் இல்லை. ஒரு தலைமுறைக்கு வார்டு என்றால் என்னவென்றே தெரியாமல் போயிற்று. 2016 முதல் 2022 வரை மறுபடியும் அதே கதை. 2021 நவம்பரில் நகரம் மழையில் மிதந்தபோது கேட்பதற்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை. நகர மன்றத்தை மேலிருந்து கலைப்பது நம் ஊரில் மட்டும் நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். லண்டன் பெருநகர மன்றத்தை 1986ல் தாட்சர் அரசு கலைத்தது. அப்போது அதன் தலைவராக இருந்த கென் லிவிங்ஸ்டன்தான் 2000ல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயராகத் திரும்பிவந்தார். நகரின் நடுப்பகுதிக்குள் வரும் கார்களுக்கு 2003ல் 5 பவுண்டு கட்டணம் போட்டார். அவரால் முடிந்ததற்குக் காரணம் போக்குவரத்து அவர் கையில் இருந்தது. சென்னை மேயரின் கையில் பஸ்ஸும் இல்லை, மெட்ரோவும் இல்லை.

இந்தப் பதவி எங்கே கொண்டுபோகும் என்றும் கேட்டிருந்தீர்கள். 1996ல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயர் மு.க. ஸ்டாலின். 2001ல் மீண்டும் வென்றார். 2006ல் கவுன்சிலர்கள் வாக்களித்து மா. சுப்பிரமணியன் வந்தார். 2011ல் மறுபடி நேரடித் தேர்தல், சைதை துரைசாமி அவரைத் தோற்கடித்து மேயரானார். 2022ல் கவுன்சிலர்கள் தேர்வு, ஆர். பிரியா. தேர்தல் முறை ஆட்சிக்கு ஆட்சி மாறிக்கொண்டிருப்பதே இந்தப் பதவியை மேலிருப்பவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடும். ஸ்டாலின் 2021ல் முதலமைச்சரானார், அதே அமைச்சரவையில் மா. சுப்பிரமணியன் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானார். ஆகவே படிக்கட்டு என்று சொல்கிறவர்களுக்கு ஆதாரம் இருக்கிறது.

ஸ்டாலின் மேயராக இருந்த காலத்தை எல்லோரும் மேம்பாலங்களைக் கொண்டே நினைவில் வைத்திருக்கிறார்கள். மாநகராட்சியே முன்னின்று பாலங்கள் கட்டியது உண்மை. அதற்கான பெருமை மேயருக்கா, அப்போது முதலமைச்சராக இருந்த அவருடைய தந்தைக்கா, பொறியாளர்களுக்கா என்று பிரித்துச் சொல்வது கடினம். மாநில அரசு இயங்கும் கோட்டையும் ரிப்பன் மாளிகையும் ஒரே கையில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும் என்பதுவரை உறுதியாகச் சொல்லலாம். அதன் மறுபக்கமும் விரைவில் தெரிந்தது. 2001ல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. 2002ல் ஒருவரே சட்டமன்ற உறுப்பினராகவும் மேயராகவும் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது, அவர் மேயர் பதவியை விட நேர்ந்தது. இரண்டு பதவியை ஒருவர் வைத்திருப்பது நல்லதா என்று தனியாக விவாதிக்கலாம், எனக்கும் அது நல்லதாகப் படவில்லை. ஆனால் லட்சக்கணக்கான மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு மேயரைச் சட்டமன்றத்தில் நிறைவேறும் ஒரு மசோதா அசைத்துவிட முடியும் என்பதை நகரம் அன்று கண்டது.

பணத்திலும் இதே நிலைதான். 2013 பிப்ரவரியில் அம்மா உணவகங்கள் தொடங்கின. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். பசித்தவர்களுக்கு அது பெரிய துணை, நான் மதிக்கிறேன். ஆனால் அந்த யோசனையும் பெயரும் கோட்டையுடையவை, நடத்துகிற செலவு மாநகராட்சியின் தலையில் விழுந்தது. 2022 மார்ச் 4 அன்று பிரியா மேயராகப் பொறுப்பேற்றார். ஒரு மாதம் முடிவதற்குள் சொத்து வரி உயர்வை மாநில அரசு அறிவித்தது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடியைத் தாண்டிய வீட்டுக்கு 150 சதவீதம். பிறகு மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. பல ஆண்டுகளாக வரி திருத்தப்படாமல் கிடந்ததால் உயர்வு தேவைப்பட்டது என்பது கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் என் கருத்து. ஆயினும் அந்த முடிவை எடுத்தது யார், அதற்காகத் தெருவில் திட்டு வாங்கியது யார் என்பதைப் பாருங்கள்.

பிரியாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், உங்கள் நிலை அவருடைய நிலைக்கு நெருக்கமானது. அவரும் வடசென்னைக்காரர், திரு.வி.க. நகர்ப் பகுதியில் 74ஆவது வார்டிலிருந்து வந்தவர், அப்போது வயது 28. மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட தேர்தல் அது. சென்னைக்கு மேயரான முதல் பட்டியலினப் பெண் அவர். அவருடைய பணியை முழுமையாக எடைபோடுவது தணிக்கை அறிக்கைகள் எல்லாம் வெளிவந்த பிறகு செய்ய வேண்டிய வேலை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மன்றமே இல்லாத இடத்தில், 1973க்கு முன்பு இருந்த நகரத்தைவிடப் பல மடங்கு பெரிய ஒன்றை எடுத்துக்கொண்டார் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 2011 விரிவாக்கத்தில் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது, வார்டுகள் 155லிருந்து 200 ஆயின. சேர்ந்த பகுதிகள் பலவற்றில் மழைநீர் வடிகாலே கிடையாது.

சரி, இவ்வளவு கட்டுகளுக்குள் இருக்கும் மேயரிடம் மிஞ்சியிருப்பது என்ன? மாநகராட்சியின் எல்லா ஆவணங்களையும் பார்க்கும் உரிமை சட்டப்படி அவருக்கு உண்டு. என் 31 ஆண்டு அனுபவத்தில், இதைவிடப் பெரிய அதிகாரம் அந்த நாற்காலிக்கு இல்லை. இதைவிடக் குறைவாகப் பயன்பட்ட அதிகாரமும் இல்லை. நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். ஒரு நகரத்தில் ஒரே தெருவுக்கு இரண்டு ஒப்பந்தமாக மழைநீர் வடிகால் கட்டினார்கள், கிழக்குப் பாதி ஒருவருக்கு, மேற்குப் பாதி இன்னொருவருக்கு. அளவுப் புத்தகத்தில் இரண்டும் சுத்தமாக இருந்தன. நீளம், அகலம், ஆழம், கம்பியின் எடை, எல்லாவற்றுக்கும் கையெழுத்து. பணமும் கொடுத்தாயிற்று. தெருவில் இறங்கி நடந்து பார்த்தால், இரண்டு வடிகாலும் சந்திக்க வேண்டிய முனையில் ஏறக்குறைய இருபது அடி மண்ணாகவே கிடந்தது. அதிலும் ஒரு பக்கத்துத் தளம் மறுபக்கத்தைவிட ஒரு சாண் உயரம். தண்ணீர் எங்கே போகும்? முனை வீட்டுக்குள் போயிற்று. அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி, சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டைக் கையால் தொட்டுக் காட்டினார். இடுப்பளவு. காகிதத்தில் தவறு செய்தவர் என்று யாரும் இல்லை, ஏனென்றால் அந்த இருபது அடி எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

அந்த வார்டின் கவுன்சிலர் முதல்முறை வென்ற ஒரு பெண்மணி. உறுப்பினர்கள் தங்கள் பகுதிப் பிரச்சினைகளை எழுப்பும் நேரமில்லா நேரத்தில் நான்கு கூட்டங்களில் தொடர்ந்து இதையே பேசினார். முதல் மூன்று முறை "ஆவன செய்யப்படும்" என்ற பதில் பதிவேட்டில் ஏறியது. நான்காவது முறை மேயர் இரண்டு ஒப்பந்தக் கோப்புகளையும் அளவுப் புத்தகங்களையும் அடுத்த கூட்டத்துக்குள் தன் மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். கோப்பைக் கேட்டார், அவ்வளவுதான். யாரையும் திட்டவில்லை, யாரையும் மாற்றவும் இல்லை. பத்து நாளில் இருபது அடியும் இணைந்தது, தளமும் சரிசெய்யப்பட்டது. தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் இயந்திரம் அசையும். கையெழுத்துப் போடும் அதிகாரம் ஆணையருடையதாக இருக்கலாம், திரும்பத் திரும்பக் கேட்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இனி முன்னுரிமை. இது என் தீர்ப்பு, வேறு கருத்துடையவர்கள் இருப்பார்கள். மேயரின் கையில் நேரடியாக இருப்பவற்றை முதலில் எடுக்க வேண்டும் என்பேன், கையில் இல்லாதவற்றுக்காக அறிக்கை விடுவதில் ஐந்து ஆண்டு கரைந்துவிடும். அப்படிப் பார்த்தால் வடிகால், குப்பை, பள்ளி, மருத்துவமனை, இந்த நான்கும்தான் மேயருடைய நகரம். இவற்றுள் வடிகால் மட்டும் நாள்காட்டியோடு கட்டிப்போட்ட வேலை. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஆகஸ்டிலேயே வண்டல் அள்ளி முடிக்காத வடிகால், இல்லாத வடிகாலுக்குச் சமம். அள்ளிய வண்டலை அங்கேயே கரையில் குவித்துவிட்டுப் போனால் முதல் மழையில் அது மறுபடி உள்ளே போகும், இதை எத்தனையோ தெருக்களில் பார்த்திருக்கிறேன். 2015, 2021, 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் என்று வெள்ளம் திரும்பத் திரும்ப வந்ததில் வடிகால் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஏரிகள் வீடுகளாகிவிட்டன, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கிவிட்டது, அடையாறும் கூவமும் கொசஸ்தலையும் கடலில் சேரும் முகத்துவாரங்கள் மணலால் அடைபடுகின்றன. ஒரு நாளில் கொட்டும் அந்த அளவு மழையை எந்த வடிகாலும் தாங்காது. ஆனால் சாதாரண மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும் தெருவுக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. பெருவெள்ளத்துக்கும் பராமரிப்புக் குறைக்கும் இருக்கும் வேறுபாட்டை மக்களிடம் மறைக்காமல் சொல்கிற மேயர் வேண்டும்.

குப்பையைப் பற்றிப் பேசும்போது அதை அள்ளுகிறவர்களையும் சேர்த்தே பேச வேண்டும். நாளொன்றுக்கு சுமார் 5,000 டன் குப்பையை இந்த நகரம் வெளியே போடுகிறது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அது மலையாகக் கிடந்ததை வடசென்னைக்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2000ல் சில மண்டலங்களில் இந்த வேலை ஓனிக்ஸ் நிறுவனத்திடம் போயிற்று, அந்த நிறுவனம் போன பிறகும் குப்பை வண்டியை "ஓனிக்ஸ் வண்டி" என்றே மக்கள் நெடுநாள் அழைத்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு மண்டலமாகத் தனியாருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், இதை எதிர்த்து ரிப்பன் மாளிகைக்கு வெளியே நடைபாதையில் அமர்ந்தார்கள். 13ஆம் நாள் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. தனியாருக்குக் கொடுப்பதால் செலவு குறைகிறதா என்பதில் நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கலாம். கோவிட் காலத்திலும் வெள்ளத்திலும் தெருவில் நின்ற அந்தப் பெண்களின் கோரிக்கை மாமன்ற மண்டபத்துக்குள் ஒரு முழு நாள் விவாதமாக வந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. வாசலில் உட்கார்ந்திருப்பவர்களின் குரல் உள்ளே கேட்க வேண்டும், மன்றம் இருப்பதே அதற்குத்தான்.

பள்ளிகளைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, தியாகராயர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாநகராட்சிப் பள்ளியில் படிப்பது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று உங்களுக்குத் தெரியும். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்பது ஒரு பெண் பிள்ளை எட்டாம் வகுப்பைத் தாண்டுவதை முடிவு செய்கிறது. இதற்கு உலக வங்கிக் கடனும் வேண்டாம், கோட்டையின் ஒப்புதலும் வேண்டாம். வார்டு மேம்பாட்டு நிதியிலேயே செய்யலாம். ஆரம்ப சுகாதார மையங்களுக்கும் இது பொருந்தும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மாமன்றத்தில் பாதி இடங்கள் பெண்களுக்கு. சட்டத்தில் அது பெரிய வெற்றி. நடைமுறையில், கவுன்சிலரின் கணவரோ அண்ணனோ மண்டல அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுவதையும் அதிகாரிகள் அவரையே "கவுன்சிலர் சார்" என்று அழைப்பதையும் பல ஊர்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். கட்சிச் சின்னத்தில் நின்றால் கட்சி சொல்லும்போது கைதூக்க வேண்டியும் வரும், அதை நீங்கள் எப்படிச் சமாளிப்பீர்கள் என்பதற்கு என்னிடம் வழி இல்லை. ஆனால் கோப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும், அதை நீங்களே படித்திருக்க வேண்டும் என்பதை உறுதியாகச் சொல்வேன். படித்த கவுன்சிலரிடம் பொறியாளர் பேசும் விதமே வேறு.

தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். 2022லிருந்து வார்டுகளில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் பகுதியில் அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் எழுதிக் கேளுங்கள், பதில் வராவிட்டால் மண்டல அலுவலரிடம் கேளுங்கள். போனமுறை உங்கள் தெருவில் போட்ட வடிகாலின் அளவுப் புத்தக நகலுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், 10 ரூபாய்தான் கட்டணம். நகல் வந்ததும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைவரை நடந்து அளந்து பாருங்கள். கணக்கில் ஏதாவது புரியவில்லை என்றால் இங்கேயே எழுதுங்கள், வரி வரியாகச் சொல்லித்தருகிறேன்.